தட்டுல மிச்சமும் இருக்கக் கூடாது, வயிறும் முட்டக் கூடாது: எப்படிங்க?

திருநகர் வாசி:

வணக்கம். வீட்ல ஆறு பேர். மாமனார் (68, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார்), மாமியார், நாங்க ரெண்டு பேர், பையன் 9, பாப்பா 4. மதியத்துக்கு ரெண்டு உழக்கு பொன்னி அரிசி, கால் கிலோ காய்ல ஒரு பொரியல், குழம்பு, ரசம், மோர். தட்டுல ஒரு பருக்கை கிடக்கக் கூடாதுங்கிறது மாமனார் போட்ட சட்டம். அதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஆனா நடக்கிறது வேற. "வீணாப் போகுதே"ன்னு அவரே ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கிறார். பாப்பா கடைசி நாலு வாய்க்கு அழுகுது. சட்டியில நிக்கிறதெல்லாம் மாமியார் தலையில. அரிசி எவ்வளவு போடணும், சின்னதுகளை வழிச்சுச் சாப்பிட வைக்கலாமா, ஆவணியில நாலு கல்யாணம் வருது, பந்தியில என்ன செய்யிறது, மிஞ்சின சோத்தை என்ன செய்யிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒழக்கு அரிசி:

விடை உங்க கேள்விக்குள்ளயே இருக்குங்க. உழக்குன்னா ரெண்டு ஆழாக்கு, சுமார் 336 மில்லி. அதுல அரிசி 280 கிராம் பிடிக்கும். ரெண்டு உழக்குன்னா 560 கிராம். இப்ப ஆள்வாரியாப் பாருங்க. உங்க வீட்டுக்காரருக்கு 100 கிராம், உங்களுக்கு 80, மாமியாருக்கு 70, மாமனாருக்கு 60, பையனுக்கு 60, பாப்பாவுக்கு 30. மொத்தம் 400. அதாவது ஒன்றரை உழக்குக்கும் கொஞ்சம் கம்மி. மீதி 160 கிராம் அரிசி வெந்தா 430லிருந்து 480 கிராம் சோறு, கிட்டத்தட்ட 550 கலோரி. தினமும் இதை யாராவது ஒருத்தர் தின்னு தீர்க்கணும், இல்லாட்டி கொட்டணும். தட்டுல மிச்சம் வைக்காதேன்னு சட்டம் போட்ட வீட்ல உலையில மிச்சம் போட்டா அது வயித்துலதான் போய் நிக்கும்.

100, 80ங்கிறது எங்கிருந்து வந்ததுன்னா, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியில 2000 கலோரி கணக்குக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய் கீரை 400 கிராம். காலையில நாலு இட்லின்னா அதுலயே 60, 70 கிராம் அரிசி போயிரும், ராத்திரி மூணு தோசைன்னா இன்னொரு 80. மதியத்துக்கு மிஞ்சுறது நூறுதான். வயல் வேலை, மூட்டை தூக்குற வேலைக்கு இது பத்தாது, அவங்களுக்குக் கூடணும்.

ரெண்டு விஷயம் கவனிங்க. உழக்குன்னு வீட்ல இருக்கிற பாத்திரம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேற அளவா இருக்கும். ஒரு தடவை தராசுல நிறுத்துப் பாத்து, உங்களுக்கு வேண்டிய அளவுக்கு உள்பக்கம் ஒரு கோடு கீறி வச்சிருங்க. அப்புறம், பழைய அரிசி தண்ணி கூட இழுத்து நல்லா உபரி காணும், புது அரிசி குழைஞ்சு அடங்கிரும். மூட்டை மாறின அன்னைக்கு வெந்த சோத்தையும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்க.

"திடீர்னு ஆள் வந்தா?"ன்னு மாமியார் கேப்பாங்க, கேக்கணும். பாதி வீட்ல கூடுதல் அரிசி விழுறதே அதுக்குத்தான். ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு எப்பவும் ஒரு கிண்ணம் இருக்கட்டும், சேமியா ஒரு பாக்கெட் இருக்கட்டும். வராத விருந்தாளிக்கு வருஷம் பூரா உலை வைக்க வேண்டாம்.

இன்னொண்ணு, அரிசியை விட இதுதான் பெருசு. ஆறு பேருக்கு கால் கிலோ காய்ன்னா ஆளுக்கு 40 கிராம். வெஞ்சனம் ரெண்டாவது வாயோட முடிஞ்சா, சோத்தைச் சோத்தாலதான் தின்ன முடியும். முக்கால் கிலோ வாங்குங்க. அதைச் செய்யாம அரிசியை மட்டும் குறைச்சா மூணாம் நாளே எல்லாருக்கும் பசி, நாலு மணிக்கு முறுக்கு டப்பா திறந்திரும்.

தட்டும் கரண்டியும்:

மாமனார் விஷயத்துக்கு மட்டும். கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு சோத்தை ஒரே நாள்ல பாதியாக்கக் கூடாது. சர்க்கரை இறங்கி நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். டாக்டர்கிட்ட இன்ன அளவுக்குக் குறைக்கப் போறோம்னு சொல்லி, மாத்திரை அளவைப் பேசிட்டு ஆரம்பிங்க.

தட்டு எத்தனை அங்குலம்? 12 அங்குலத் தட்டோட பரப்பு 10 அங்குலத்தை விட 44 சதவீதம் கூட. அதே சோறு பெரிய தட்டுல பிச்சை போட்ட மாதிரி தெரியும், கை தானா இன்னொரு கரண்டிக்குப் போகும். முதல்ல தட்டுல பொரியல், கீரை, பருப்பு. அதுல பாதி உள்ள போன பிறகு சோறு. சோறு கடைசியாப் போனா சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுற வேகமும் கம்மி.

கூடச் சாப்பிடுறது பெரும்பாலும் பசியில நடக்கிறதில்ல, பிசையிறதுல நடக்குது. போட்ட சோறு முழுக்கக் குழம்பை ஊத்திப் பிசைவாங்க. குழம்பு தண்ணியா நிக்கும், அதுக்குக் கொஞ்சம் சோறு. இப்ப சோறு காஞ்சு தெரியும், அதுக்குக் கொஞ்சம் குழம்பு. வழிச்சுச் சாப்பிடுற சட்டமும் இருந்தா இந்தத் துரத்தலுக்கு முடிவே கிடையாது. அதனால வெறுஞ்சோத்தைத் தட்டுலயே மூணா வகுந்துக்கணும். பாதி குழம்புக்கு, மீதியில ஒண்ணு ரசத்துக்கு, ஒண்ணு மோருக்கு. குழம்பு முதல்ல ஒரு கரண்டிதான். ரசம் கடைசியில நின்னா சோறு தேடாம குடிச்சிர வேண்டியது.

வயிறு விரிஞ்ச சேதியும் குடல் அனுப்புற சேதியும் மூளைக்குப் போய்ச் சேர சுமார் 20 நிமிஷம் ஆகும். எட்டு நிமிஷத்துல தட்டைக் காலி பண்றவருக்கு அந்தச் சேதி கை கழுவின பிறகுதான் வரும். மறு சோறு வேணும்னா மோருக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரச் சொல்லுங்க. பாதி நாள் வேணாம்னுருவார்.

குட்டி வயிறு:

பாப்பாவை அழ வச்சு ஊட்டாதீங்க. நாலு வயசுக்குப் பசி ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. என்ன சமைக்கணும், எப்ப போடணும்ங்கிறது உங்க பொறுப்பு, எவ்வளவுங்கிறது அது பொறுப்பு. காய், பருப்பு ஒவ்வொண்ணும் வயசுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது உங்க பாப்பாவுக்கு நாலு. அதுல பாதியைத்தான் முதல்ல போடணும். கேட்டா அடுத்த பாதி. அரை மணி நேரம் ஆச்சுன்னா தட்டை எடுத்துருங்க. "இதை முடிச்சா மிட்டாய்"னு சொன்னா சோறு தண்டனை, மிட்டாய் பரிசுன்னு ஆயிரும். சாப்பாட்டுக்கு முந்தின ரெண்டு மணி நேரத்துல பால், பிஸ்கட் வேண்டாம். ஒரு டம்ளர் பால் உள்ள இருந்தா கடைசி நாலு வாய்க்கு அழத்தான் செய்யும்.

மேலூர்க்காரன்:

குட்டி வயிறு சொல்றதை ஏத்துக்க முடியல. இப்ப நாலு வாய் மிச்சம் வைக்க விட்டா பத்து வயசுல பாதித் தட்டைக் கொட்டும். நாத்து நட்டு, களை எடுத்து, அறுத்து அடிச்சு வர்ற பண்டம். பருக்கைக்கு மரியாதைங்கிறது சின்னதுலயே பழகணும்.

குட்டி வயிறு:

பழகட்டுங்க, வேணாம்னு சொல்லல. அது வாயில திணிக்கிறதுல வராது. கிண்ணத்துல மொத்தமாப் பிசைஞ்சு எடுத்துட்டு வராதீங்க. மூணு வாய்க்கு மட்டும் தட்டுல பிசைங்க. மிச்சச் சோறு சட்டியில கை படாம இருக்கும், ராத்திரிக்கு ஆகும். பிசைஞ்ச சோறு எச்சிலாயிரும், அப்புறம் வழியே இல்ல. ஒண்ணு பிள்ளை வயிறு, இல்ல குப்பை. மூணு வாயை முடிக்கிற பிள்ளை தட்டையும் காலி பண்ணிருச்சு, வயிறு சொன்னதையும் கேட்டிருச்சு. பையன் ஒம்பது வயசு, அவனே கரண்டி பிடிச்சுப் போட்டுக்கட்டும். தான் போட்டுக்கிட்டதை முடிக்கச் சொல்லலாம், நாம அள்ளி வச்சதை முடிக்கச் சொல்றது நியாயமில்ல.

பந்தி மேற்பார்வை:

ஆவணிக்கு வருவோம். பந்தியில வீணாகுறதுல முதல் இடம் சின்னப் பிள்ளைக்குப் போடுற தனி இலைக்கு. பெரியவங்களுக்கு விழுற அதே 15 அயிட்டம் அதுக்கும் விழும். பாப்பாவை உங்க இலையிலயே சேர்த்து உக்கார வைங்க.

சில மண்டபத்துல ஆள் உக்காரும் முன்னாடியே இலையை நிரப்பி வச்சிருவாங்க. அங்க தப்பிக்க வழி குறைவு. கை வைக்கிறதுக்கு முன்னாடி வேண்டாத இனிப்பையும் வடையையும் பக்கத்துல உங்க வீட்டு ஆள் இலைக்கு மாத்திரலாம், கை வச்ச பிறகு முடியாது. வெறும் இலை கிடக்கிற வரிசை கிடைச்சா அங்க உக்காருங்க.

பரிமாறுற பையனுக்கு "போதும்"ங்கிற வார்த்தை காதுல விழாது. நம்ம பக்கம் "போதும்"னா இன்னும் ஒரு தடவை வைன்னு அர்த்தம்! வாளி ரெண்டு இலைக்கு முன்னாடி வரும்போதே கையை இலைக்கு மேல படுக்கையா நீட்டி "கொஞ்சமா"ன்னு சொல்லணும். சோத்தை அள்ளின பிறகு சொன்னா அது விழத்தான் செய்யும். சாம்பாருக்கு விழுந்த சோத்துல பாதியை வலப்பக்கம் வெள்ளையாவே ஒதுக்கி வச்சா வத்தக்குழம்புக்கும் ரசத்துக்கும் அது காணும், மறு சோறு வாங்க வேண்டியதில்ல.

மெஸ்ஸுக்குப் போனா "அளவுச் சாப்பாடு" கேளுங்க. அன்லிமிடெட்ல காசு ஏற்கெனவே கொடுத்தாச்சுங்கிற நினைப்பே ரெண்டு கரண்டி கூட உள்ள தள்ளும். பார்சல் சாப்பாட்டுச் சோறு பெரும்பாலும் ரெண்டு பேருக்குக் காணும், பொரியலை மட்டும் வீட்ல செஞ்சுக்கிட்டா போதும். ராத்திரி பரோட்டாவுக்கு முதல்ல ரெண்டு மட்டும் சொல்லுங்க, சால்னாவைக் கிண்ணத்துல வாங்கித் தொட்டுச் சாப்பிடுங்க. பிச்சுப் போட்டு மேல ஊத்தி ஊறிட்டா மெல்லவே வேண்டாம், வழுக்கிட்டுப் போயிரும், நாலு உள்ள போனது தெரியாது. அப்புறம் "செரிக்கட்டும்"னு ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். எது எதைச் செரிக்க வைக்குதுன்னு எனக்கு இன்னும் புரியல.

நீச்சத்தண்ணி:

மிஞ்சினதுக்கு. வடிச்ச சோத்துல சூட்டுக்குச் சாகாத ஒரு கிருமி வித்து இருக்கும், பேசில்லஸ் சீரியஸ்னு பேரு. சோறு வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சு நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ராத்திரிக்கு வேணும்னா மூடி வைக்காம அகலத் தட்டுல பரத்தி ஆறவிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஒரு தடவைதான் சூடாக்கணும்.

பழைய சோறுன்னா ராத்திரி ஆறின சோத்துல ரெண்டு விரக்கடை தண்ணி மேல நிக்கிற மாதிரி ஊத்தி, மண் சட்டியில வைங்க. மார்கழியில 12 மணி நேரம் தாங்கும். மதுரைச் சித்திரை வெயிலுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. புளிப்பு வாசம் சரி, நூல் பிடிச்சா கொட்டிருங்க. அதை வீணுன்னு நினைச்சுச் சாப்பிட்டா ஆஸ்பத்திரிச் செலவு. ரெண்டு கப் மிஞ்சினா உப்பு, பச்சை மிளகாய், சீரகம் அரைச்சுச் சேர்த்து மசிச்சு வத்தலாக் கிள்ளி வைங்க, ரெண்டு மூணு நாள் வெயில் போதும். தேங்காய் அரைச்ச கூட்டு, சட்னிதான் முதல்ல கெடும், அதை மட்டும் அன்னன்னைக்கு முடிக்கிற அளவுக்குச் செய்யுங்க.

வாளிச் சோத்தை மாட்டுக்கு வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கழனித் தொட்டியில ஒரு கை போனா பரவாயில்ல. கல்யாண வீட்டுச் சோத்தை வாளி வாளியா வச்சா வயித்துல அமிலம் கூடி மாடு அசை போடாமப் படுத்துரும், செத்தும் போகும்.

திருநகர் வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஒன்றரை உழக்கு போட்டுப் பாத்தோம், சரியா இருந்தது. ஆனா மாமியார் எல்லாரும் எந்திரிச்ச பிறகுதான் உக்காருவேங்கிறாங்க. மிச்சத்தைத்தான் அவங்க சாப்பாடுன்னு நினைச்சிருக்காங்க. மாத்த முடியுமா?

ஒழக்கு அரிசி:

கடைசியில உக்காருறவங்களுக்கு வெஞ்சனம் இருக்காதுங்க, சோறும் ரசமும்தான் இருக்கும். அவங்க தட்டுல 300 கிராம் சோறு ஏறுறது அதனாலதான். உக்காரும் நேரத்தை மாத்தச் சொல்லிச் சண்டை வேண்டாம். சோறு வடிச்சதும் மத்தவங்களுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி, அவங்க பங்குப் பொரியலையும் கீரையையும் ரெண்டு கிண்ணத்துல எடுத்து மூடி வச்சிருங்க, 200 கிராம் சோறு ஒரு தூக்குல. சட்டியில என்ன நிக்குதோ அது ராத்திரிக்கு, ஃப்ரிட்ஜுக்கு. சட்டியை அவங்க கண்ணுல படாம வச்சா இன்னும் நல்லது.