அம்மாவுக்கு உடல்வழி உளச்சிகிச்சை: சிகிச்சையாளரின் பின்னணியை எப்படிப் படிப்பது?

சுங்கை சிப்புட் வாசி எழுதியது:

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய என் அம்மா, அப்பா காலமானதிலிருந்து, பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்திற்கு) புறப்படும் அதே விடியற்காலை நேரத்தில் விழித்துக்கொண்டு, நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல் அடைக்கிறது என்கிறார். இசிஜி உட்பட எல்லாப் பரிசோதனைகளிலும் இதயத்தில் குறையில்லை. கவுன்சலரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதும், "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று, மனநல மருத்துவமனை இருக்கும் ஊரைச் சொல்லிக் கேட்டவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஈப்போவில் சைக்கோதெரபிஸ்ட் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். முதலில் பிசியோதெரபிஸ்டாக இருந்து, பிறகு கவுன்சலிங்கில் முதுகலை முடித்து, சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற உடல்வழிப் பயிற்சியும் பெற்றவராம். இந்தப் பின்னணியை எப்படி எடுத்துக்கொள்வது? உடல்வழி என்றால் மசாஜ் போல உடம்பைப் பிடித்துவிடுவார்களா?

பதிவு பெற்ற கவுன்சலர் ஒருவர் எழுதியது:

வணக்கம் ஐயா. மூன்று தகுதிகளையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. நம் மலேசியாவில் பிசியோதெரபிஸ்டுகளும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளும் 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டத்திற்குள் (துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம்) வருகிறார்கள். கவுன்சலர்களுக்கு 1998ஆம் ஆண்டின் 580ஆவது சட்டம் (கவுன்சலர்கள் சட்டம்). சைக்கோதெரபிஸ்ட் என்ற பெயர் இவ்விரண்டிலும் இடம்பெறவில்லை என்பதால், அந்தப் பெயர்ப்பலகை மட்டும் உங்களுக்கு எந்த உறுதியும் தராது. கவுன்சலர் வாரியத்தில் பதிந்தவரா, நடப்புத் தொழில் சான்றிதழ் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். முறையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சோமாட்டிக் பயிற்சியில் உடற்பிடிப்பாளர்களும் சேரலாம். ஆகவே அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து ஒருவரை உளச்சிகிச்சையாளர் என்று கொள்ள முடியாது.

வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், முந்தைய இசிஜியை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கோலகங்சார் வாசகி எழுதியது:

லாரி இடித்து மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு, எலும்பு கூடியும் என் வலது கை மட்டும் லாரிச் சத்தம் கேட்டாலே பிரேக்கைப் பிடிப்பதுபோல் இறுகிக்கொள்ளும். நான் போன சிகிச்சையாளர் என்னைத் தொடவே இல்லை. விபத்தை முழுவதும் சொல்லச் சொல்லவும் இல்லை. பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வார்; கை இறுகும்போது, அந்த இறுக்கம் என்ன செய்ய விரும்புகிறது என்று கேட்டு, விரல்களை மிக மெதுவாக மடக்கி விரிக்க வைப்பார்; மூச்சு முட்டினால் ஜன்னலுக்கு வெளியே உள்ள மாமரத்தைப் பார்க்கச் சொல்லி நிறுத்திவிடுவார். முதல் இரண்டு முறையும் பணம் வீண் என்றுதான் நினைத்தேன். பிறகு லாரிச் சத்தத்தில் கை இறுகினாலும் தானே தளரத் தொடங்கியது.

சில சிகிச்சையாளர்கள் தோளிலோ முதுகிலோ கை வைப்பதுண்டு. அனுமதி கேட்காமல் செய்தால் எழுந்து வந்துவிடலாம்.

உளவியல் மாணவன் எழுதியது:

உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய பிராய்டின் வட்டத்திலிருந்த வில்ஹெல்ம் ரைக் (1897–1957). அடக்கிய உணர்ச்சி தசைகளில் கவசம்போல் இறுகுகிறது என்றார். அவருடைய பிற்காலக் கொள்கைகள் அறிவியலை விட்டு வெகுதூரம் போய்விட்டன, அது வேறு கதை. சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் முறையை உருவாக்கிய பீட்டர் லெவின், ஆபத்தின்போது ஓடவோ எதிர்க்கவோ திரண்ட உடல், அதை முடிக்க வழியின்றி நின்றுவிடுவதே பிற்காலத் துன்பத்திற்குக் காரணம் என்கிறார். மேலே சகோதரி சொன்ன பிரேக் பிடிக்கும் கை அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

ஆனால் ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவற்றில், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடியும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) இஎம்டிஆரும் (கண் அசைவுகளைப் பயன்படுத்தும் சிகிச்சை) உண்டு; சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் இல்லை. உங்கள் அம்மாவுடையதோ துக்கம்; அதற்கு எந்த முறை ஏற்றது என்பதை அந்தச் சிகிச்சையாளர் அவரைப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். பார்க்காமலே பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கேட்டால் நான் தயங்குவேன்.

சுங்கை சிப்புட் வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று தொலைபேசியில் பேசினேன். பதிவு எண்ணைக் கேட்டதும் தந்தார். வாரியத்தில் சரிபார்க்கப் போகிறேன். முதல் சந்திப்பில் பேச்சு மட்டும்தான், தொடுவதில்லை என்றும் சொன்னார். அம்மாவிடம், "நெஞ்சடைப்பைப் பற்றிக் கேட்க ஒருவர் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். தஞ்சோங் ரம்புத்தான் பேச்சை எடுக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.