மறு: மறு: ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி – கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஆய்வுமுறைப் பாடநூலில் வினாநிரல் தயாரிப்பு இயலைத் தமிழாக்குகிறேன். "சம்பளமும் வேலைநேரமும் உங்களுக்குத் திருப்தியா?" போன்ற கேள்விக்குப் பெயர் வேண்டும். ஒருவர் 'இல்லை' என்றால் சம்பளம் போதவில்லையா, நேரம் ஒத்துவரவில்லையா என்று தெரியாது. ஆங்கிலத்தில் டபுள் பேரல்டு. என் வரைவில் 'இரட்டைக்குழல் வினா', எனக்கே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோப்பு போக வேண்டும்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
துப்பாக்கி வேண்டாம். 'இருபொருள் வினா'வும் வேண்டாம், சிலேடைப் பக்கம் போய்விடும். 'இணைவினா'வை நானே தூக்கக் கலக்கத்தில் 'இணையவினா' என்று திருத்திவிடுவேன். 'இரட்டை வினா' போதுமே.

இலக்கண ஆசிரியர்:
நோய்க்குக் காரணம் எண்ணும்மை, அதாவது 'சம்பளமும் வேலைநேரமும்' என்று அடுக்கும் 'உம்'. ஆகவே 'உம்மை வினா'. 'உம்' கண்டதும் மாணவர் உஷாராவார். தவிர, உம்மை என்றால் முற்பிறப்பு. மறுபிறப்பு என்றும் பொருள் உண்டு. ஒரே சொல் முன்னும் பின்னும் பார்க்கிறது. இதைவிடப் பொருத்தம் ஏது?

ஆய்வு மாணவி:
ஐயா, முற்பிறப்பு வரை போய்வர வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. 'உம்மை வினா' என்றால் 'உம்மைக் கேட்கும் வினா' என்றுதான் படிப்போம். "தாய்தந்தை படித்தவர்களா?" இதில் 'உம்' எங்கே? அம்மா பட்டதாரி, அப்பா பள்ளிக்கே போகாதவர் என்றால் எதைக் குறிப்பது?

இலக்கண ஆசிரியர்:
உம்மைத்தொகை, அம்மா. 'தாயும் தந்தையும்' என்பதில் 'உம்' தொக்கி, மறைந்து நிற்கிறது.

ஆய்வு மாணவி:
தொக்கி நிற்பது உங்களுக்குத் தெரியும், படிவம் நிரப்புகிறவருக்கு? அப்புறம், "விலை குறைவு என்பதால் இதை வாங்குகிறீர்களா?" வாங்குவது ஒரு கேள்வி, காரணம் இன்னொன்று. தொகையும் இல்லை, உம்மையும் இல்லை. களத்தில் எங்களை ஏமாற்றுவது இந்த வகைதான்.

இலக்கண ஆசிரியர்:
சரி, உம்மையை ஒத்திவைக்கிறேன். ஆனால் 'இரட்டை' கூடாது. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது. இந்த வினா பிரித்தால்தான் பொருள் தரும். 'பிணைவினா' என்க.

மெய்ப்புப் பார்ப்பவர்:
பிணை என்றால் ஜாமீன். பெண்மானும்கூட.

புதிய உறுப்பினர்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். "இது நல்ல திட்டம்தானே?" என்று விடையை ஊட்டிவிடும் கேள்விக்கு என்ன பெயர்? நன்னூலின் அறிவினாவா?

இலக்கண ஆசிரியர்:
அல்ல. அறிவினாவில் விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைச் சோதிக்கிறார். இங்கே விடையைக் கையில் திணித்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்கள். நன்னூலார் சொன்ன ஆறு வினாவிலும் இது அடங்காது. ஏகாரத்திலிருந்து தொடங்கினால்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், கும்பிடுகிறேன். தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன்: இரட்டை வினா ஐந்து, பிணைவினா இரண்டு. 'இரட்டை வினா' என்று போட்டு, பக்கத்திலேயே "இரண்டு செய்திக்கு ஒரே விடை கேட்பது" என விளக்கி அனுப்பிவிட்டேன்.

இலக்கண ஆசிரியர்:
"செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்", விடையும் வினாவும் வழுவாமல் காக்க என்றார் தொல்காப்பியர். வினாவுக்கு இட்ட பெயரே வழுவிவிட்டது. மறுபதிப்பு எப்போது?