அட்டுவம்பட்டி பக்கம் ஏழு பேர் ராத்திரி சாப்பாடு: டவுனுக்குப் போகலாமா, பக்கத்துலயே முடிச்சுக்கலாமா?

வத்தலகுண்டு அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு கொடைக்கானல் அன்னை தெரசா யுனிவர்சிட்டில எம்.எஸ்சி முடிச்சிருச்சு, அடுத்த வாரம் ஹாஸ்டல் காலி பண்ண குடும்பத்தோட வர்றோம், ராத்திரி யுனிவர்சிட்டி இருக்குற அட்டுவம்பட்டிலயே ரூம் போட்டுருக்கு. மொத்தம் ஏழு பேர். எங்கம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, முட்டி வலி, தங்கச்சி பையனுக்கு அஞ்சு வயசு, பாதிப்பேர் சைவம். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், மூவாயிரத்துக்குள்ள முடியணும். பொண்ணு டவுன்ல சாப்பாட்டுக் கடைங்க இருக்குற பி.டி. ரோடுதான்னு ஒத்தக்கால்ல நிக்குது, அம்மா ரெண்டு இட்லி கிடைச்சா போதும்ங்குறாங்க. எங்க போறது?

மூஞ்சிக்கல் மணி:
அண்ணே, வயசானவங்கள வச்சுக்கிட்டு பி.டி. ரோடு வேண்டாம். சீசன்ல ஏழுரோடு சந்திப்புகிட்ட வண்டி நகராது, பார்க்கிங் கிடைச்சாலும் இறங்கி ஏத்தத்துல நடக்கணும், நெறைய கடை மாடில இருக்கு, படி ஏறணும். அட்டுவம்பட்டி பக்கமே ஏதாச்சும் வீட்டுச் சாப்பாடு மாதிரி செஞ்சு தர்ற இடத்துல காலைலயே சொல்லி வச்சிருங்க, சப்பாத்தி குருமா, சைவம் இல்லாதவங்களுக்கு நாட்டுக்கோழி. சூடா வரும், ரூம் பக்கத்துலயே இருக்கும்.

மலைப்பூண்டு:
மணியண்ணே நான் அதே ஹாஸ்டல்ல இருந்தவ. ரெண்டு வருஷம் மெஸ் சாப்பாடு சாப்பிட்ட புள்ள, கடைசி நாளும் அதே சப்பாத்தி குருமாவ சாப்பிடணுமா? டவுனுக்கு போறதுன்னா பஸ் பாத்து, திரும்புற நேரம் பாத்து, காசு பாத்து, பாதி நாள் கண்ணாடி வழியா மெனு போர்ட மட்டும் படிச்சிட்டு வந்திருப்பா. இந்தச் சாப்பாடு அவளுக்காகத்தான, அவ கேட்ட எடத்துக்கு கூட்டிட்டு போறதுதான் முறை. பாட்டிக்கும் அங்க ஆகாரம் இருக்கு, திபெத் ஆளுங்க நடத்துற கடைல துக்பானு ஒண்ணு தருவாங்க, பெரிய கிண்ணத்துல ஆவி பறக்குற சூப்பு, உள்ள நூடுல்ஸும் காயும், பல்லுக்கு வேலையே இல்ல. சைவத்துலயும் உண்டு.

மூஞ்சிக்கல் மணி:
எழுபது வயசு அம்மா வத்தலகுண்டுல இருந்து வந்து நூடுல்ஸ் சாப்பிடுவாங்களாம்மா? அவங்க கேக்குறது இட்லி.

ஊட்டிக்காரன்:
இட்லி பத்தி நான் ஒண்ணு சொல்லணும். நான் குன்னூர்லயும் ஊட்டிலயும் ஹோட்டல் கிச்சன்ல நின்னவன். இந்த உயரத்துல, அதாவது 7,000 அடி கிட்ட, தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிரும், அதனால எதுவும் வேக நேரம் பிடிக்கும், குளிர்ல மாவும் சீக்கிரம் புளிக்காது. நல்ல கடைக்காரங்க மாவ அடுப்பு பக்கம் சாக்கு போட்டு மூடி வப்பாங்க, அவசரக் கடைல ராத்திரி வர்ற இட்லி பெரும்பாலும் காலைல ஊத்துனது, கையில எடுத்தா ஓரம் கல்லு மாதிரி, நடுவுல சொதசொதன்னு இருக்கும். அம்மாவுக்கு கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வர்ற தோசையோ ஊத்தப்பமோ சொல்லுங்க. அரிசிச் சாதம்னா குக்கர்ல வச்சதான்னு கேளுங்க, இல்லைன்னா நடு அரிசி வெறைப்பா நிக்கும்.

லேக்ரோடு ராஜி:
இவ்ளோ குழப்பம் எதுக்கு, ஏதாவது ரிசார்ட்ல பஃபே போயிருங்க, எல்லாம் இருக்கும்.

மலைப்பூண்டு:
ராஜிக்கா, ஏழு பேருக்கு பஃபேன்னா மூவாயிரம் பத்தாது. அதோட ரூம் வாடகை 7,500க்கு மேல வாங்குற ஹோட்டல்னா அவங்க ரெஸ்டாரண்ட்ல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சாதாரண ரெஸ்டாரண்ட்னா 5தான். மூவாயிரம் பில்லுக்கு 540க்கும் 150க்கும் வித்தியாசம் பாருங்க, அதுல எல்லாருக்கும் சாக்லேட் கேக்கே வாங்கிரலாம். பாட்டியும் அஞ்சு வயசுப் பையனும் என்னத்த பஃபே சாப்பிடப் போறாங்க.

தேனி செல்வம்:
பில்லுன்னதும் சொல்றேன். போன சீசன்ல ஒரு கடைல கேக்காமலே சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டாங்க. அது கட்டாயம் கிடையாது, 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானா சேக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. எடுக்கச் சொன்னா எடுத்துருவாங்க, தயங்காதீங்க. அப்புறம் கார்ல வர்றதுன்னா மலைக்கு வர்ற வண்டிக்கான ஆன்லைன் அனுமதி, அதான் இ-பாஸ், எடுத்துருங்க, 2024 மே 7ல இருந்து இருக்கு. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வேணாம், ஒண்ணுக்கு 20 ரூபா வரி. பாட்டிக்கு ஃபிளாஸ்க்ல வெந்நி கொண்டு வாங்க.

மூஞ்சிக்கல் மணி:
சரிம்மா மலைப்பூண்டு, புள்ள ஆசை நியாயந்தான், நான் இல்லைங்கல. ஆனா ஒம்போது மணிக்கு மேல பனி இறங்குச்சுன்னா முன்னாடி போற வண்டியோட லைட்டே தெரியாது, அட்டுவம்பட்டி ரோடு வேற வளைவு. அந்தக் குளிர்ல ஒரு மணி நேரம் டேபிளுக்கு காத்திருந்தா பாட்டியும் சின்னவனும் என்ன ஆவாங்க? நீங்கல்லாம் இருபது வயசுல யோசிக்கிறீங்க. நான் எங்கம்மாவ கூட்டிட்டு போய் பாத்துட்டுதான் சொல்றேன், சாப்பாடு வர்றதுக்குள்ள அவங்களுக்கு கை வெறைச்சு டம்ளரே பிடிக்க முடியல.

மலைப்பூண்டு:
அதனாலதான் ஆறரைக்கே போகச் சொல்றேன். ஏழரைக்கு மேலதான் டூரிஸ்ட் கூட்டம் வரும். முன்னாடியே போன் போட்டு கீழ்த்தளத்துல ஏழு பேருக்கு சேத்து டேபிள் கேட்டு, துக்பா தோசை ரெண்டும் எங்க பக்கத்துப் பக்கத்துல கிடைக்கும்னு பொண்ணயே பாத்து வைக்கச் சொல்லுங்க. பாட்டிக்கு தோசைய பார்சல் வாங்கி வந்து இங்க சாப்பிடலாமான்னு கேட்டா பெரியவங்களுக்குன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. அப்பா, அவ ரெண்டு வருஷம் தனியா இருந்த ஊரு இது. அவ கூட்டிட்டுப் போய் காட்டட்டும், நீங்க பின்னாடி போங்க.

வத்தலகுண்டு அப்பா:
எல்லாருக்கும் நன்றி. பொண்ணுகிட்ட பேசிட்டேன், ஆறரைக்கு பி.டி. ரோடுன்னு முடிவு, கடையும் அதுவே பாத்து போன் பண்றேன்னுருச்சு. அம்மாகிட்ட இட்லி வேணாம் தோசைன்னு சொல்லியாச்சு, சரின்னாங்க. கார நாங்களே ஓட்டுறதா டாக்சியான்னுதான் யோசனை.

மூஞ்சிக்கல் மணி:
டாக்சி. ஸ்டாண்டுலயே போக வர ரேட்டும் வெயிட்டிங்கும் சேத்துப் பேசிட்டு ஏறுங்க, கடை வாசல்லயே இறக்கி விடச் சொல்லுங்க. எட்டரைக்குள்ள கெளம்பிருங்க. நான் இப்பவும் அட்டுவம்பட்டிதான் நல்லதுன்னு சொல்வேன்.