குறைந்த வருமானத் தகுதி இல்லாமல் இன்க்ளூசிவில் சேர முடியுமா?

ஜெர்சி சிட்டியில் ஒரு சின்ன ஃபெடரல் கிரெடிட் யூனியனின் (உறுப்பினர்களே சொந்தமாக நடத்தும் சேமிப்பு, கடன் சங்கம்) நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். உறுப்பினர்கள் பெரும்பாலும் டாக்சி ஓட்டுநர்கள், ஹோட்டல் சமையல்காரர்கள். இவர்களைப் போன்றோருக்கான கிரெடிட் யூனியன்களை 1974 முதல் ஒன்றுசேர்க்கும் இன்க்ளூசிவ் கூட்டமைப்பில் சேர விரும்புகிறோம், ஆனால் கிரெடிட் யூனியன்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்சியூஏ தரும் குறைந்த வருமானத் தகுதி இன்னும் வரவில்லை.

அதைப் பெற, பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் வருமானம் நடுமட்ட (மீடியன்) வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதை வீட்டு முகவரி வைத்துத்தான் முதலில் பார்க்கிறார்கள், எங்கள் பட்டியலிலோ நிறைய தபால் பெட்டி எண்கள். கடிதம் போட்டோம், பணம் கட்ட வருபவர்களிடம் கேட்டோம், கடன் விண்ணப்பங்களில் இருந்த சம்பளச் சீட்டுகளையும் எடுத்துவிட்டோம். அப்படியும் பட்டியல் நிறையவில்லை, அடுத்த ஆண்டுத் திட்டம் இதற்காகவே நிற்கிறது.

இந்தத் தகுதி கைக்கு வருமுன்பே இன்க்ளூசிவில் உறுப்பினரான கிரெடிட் யூனியன் உங்களுக்குத் தெரிந்து ஏதாவது உண்டா?