சின்ன கேஸில் ஓவர்கிளாக்: ஏ620 போர்டு போதுமா?

கேள்வி:
மினி ஐடிஎக்ஸ் (சின்ன அளவு மதர்போர்டுக்கான) கேஸ் வாங்கிவிட்டேன், கூலருக்கு 70 மிமீ உயரம்தான் இடம். ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸர் போட்டு ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) ஆசை, ஆனால் பட்ஜெட் இறுக்கம். ஏ620 சிப்செட் உள்ள மதர்போர்டு மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். ஏ620-இல் மெமரி வேகத்தைக் கூட்டலாம், பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. பி650 எடுங்கள். இன்டெல் பக்கம் போனால் கே எழுத்துள்ள பிராசஸர், இசட் சிப்செட் போர்டு இரண்டும் தேவை, செலவு ஏறும்.

பதில் 2:
போர்டு பற்றி மேலே சொன்னது சரி, ஆனால் உங்களைக் கட்டிப்போடப் போவது அந்த 70 மிமீதான். 7600 சும்மாவே 88 வாட் வரை இழுக்கும், எல்லா கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினால் சின்ன கூலர் திணறிவிடும். நானும் அப்படி ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, அப்புறம் கர்வ் ஆப்டிமைசரில் (பிராசஸரின் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் ஏஎம்டி அமைப்பு) மைனஸ் 10-இல் தொடங்கி மெல்ல இறக்கினேன். மின்னழுத்தம் குறைய, அதே சூட்டில் பூஸ்ட் வேகம் கூடுதலாக நின்றது. ஒவ்வொரு படியிலும் நீண்ட நேரம் சோதித்துப் பாருங்கள், சும்மா இருக்கும்போதுகூட ரீஸ்டார்ட் ஆகலாம். மெமரிக்கு டிடிஆர்5 6000, எக்ஸ்போ (மெமரியின் தயார் வேக அமைப்பு) உள்ளதாக எடுங்கள்.

கேட்டவர்:
சரி, பி650-தான். பவர் சப்ளை?

பதில் 1:
கேஸ் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு பவர் சப்ளை) மட்டும்தான் ஏற்குமா என்று முதலில் பாருங்கள். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.