பொதி கொடுப்பதைத் தவிர ஒரு சின்னச் சபை வருடம் முழுக்க ஊருக்கு என்ன செய்யலாம்?

கொட்டடிக்காரன்:
வணக்கம். யாழ்ப்பாணம் டவுனில் இருக்கிற சின்ன பப்டிஸ்ட் சபை எங்களுடையது, நாற்பது குடும்பம்கூட இல்லை. அடுத்த மாதம் சபைக் கூட்டம். எங்களுக்கு மேலே பிஷப் என்று யாரும் இல்லை, அங்கத்தவர்கள் கூடிக் கதைத்துக் கை உயர்த்தித்தான் முடிவெடுப்போம், அதனால் நான் எழும்பி ஏதாவது சொல்வதென்றால் யோசித்துக்கொண்டு போகவேண்டும்.

போன வருடம் செய்தது இவ்வளவுதான்: பள்ளிக்கூடம் தொடங்கும்போது பிள்ளைகளுக்குக் கொப்பியும் பையும், நடுவில் ஒரு மருத்துவ முகாம், கார்த்திகை மழைக்கு வெள்ளம் ஏறியபோது இரண்டு நாள் சமைத்த சாப்பாடு, நத்தாருக்கு உலர் உணவுப் பொதி. காசில் பாதிக்கு மேல் அந்தப் பொதிக்கே போய்விட்டது.

என் மனதில் கிடந்து உறுத்துவது மருத்துவ முகாம்தான். அன்றைக்கு ஒரு அம்மாவுக்குச் சீனி 300 ஐத் தாண்டிக் காட்டியது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கோ என்று துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து சந்தையடியில் கண்டேன், காலில் புண்ணோடு நின்றார். ஏனம்மா போகவில்லை என்று கேட்க, "ஆர் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போறது" என்றார். நாங்களோ அன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எண்ணி எழுதிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருந்தோம்.

மானிப்பாயிலும் உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிஷன் விட்டுப்போன மாதிரி ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ எங்களுக்கு இங்கே இல்லை. பப்டிஸ்ட் மிஷன் 1812 இல் கொழும்பில்தான் தொடங்கியது, அவர்களுடைய பெரிய வேலைகளும் அந்தப் பக்கத்தோடுதான். எங்களிடம் இருப்பது ஒரு மண்டபம், ஒரு பழைய வான், ஓய்வுபெற்ற ரீச்சர்மார் நாலைந்து பேர், கொஞ்சக் காசு. இதை வைத்து ஒரு வருடத்துக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உடுவில் அக்கா:
தம்பி, வான் இருக்கிறது என்றீர்களே, அதிலிருந்தே தொடங்குங்கள். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை தெரியும்தானே, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து சேர்த்த காசில் கட்டினது. கட்டடம் வந்துவிட்டது, ஆனால் அங்கே வருகிற சனம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார். மருந்து ஏற்றுவதென்றால் ஒருநாளோடு முடிகிற வேலை இல்லை, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதடவை என்று மாதக்கணக்கில் வரவேண்டும். விடியமுதல் பஸ் ஏறி, வரிசையில் இருந்து, மருந்து ஏற்றி, சத்தி எடுத்துக்கொண்டே திரும்பவும் பஸ்ஸில் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கூட வந்த மனுசன் நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் வெளியே இருப்பார், நோயாளிக்குத்தான் சாப்பாடு, அவருக்கு யார் கொடுப்பது?

என் அவருக்கு வருத்தம் வந்தபோது நானும் அங்கே இருந்தவள்தான். எங்களுக்கு வீடு பக்கத்தில். ஒருநாள் வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளை, தாயைக் கூட்டி வந்தவள், தங்குவதற்கு இடமில்லாமல் நின்றாள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏழு மாதம் வந்து போனார்கள். பொதி ஒன்றும் கொடுக்கவில்லை, ஒரு பாயும் இரவுச் சாப்பாடும்தான். உங்கள் மண்டபத்தில் நாலு பேர் படுக்க இடம் இல்லையா? முதலில் ஆஸ்பத்திரியில் கேட்டு, அவர்கள் சொல்கிற முறைப்படி செய்யுங்கள்.

நல்லூரான்:
நான் சைவம். மனம் நோகவேண்டும் என்று எழுதவில்லை, நீங்கள் உண்மையாகக் கேட்கிறபடியால் உண்மையாகச் சொல்கிறேன். சபைக்காரர் உதவிக்கு வந்தால் எங்கள் ஆட்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். இன்றைக்கு வந்த பயம் இல்லை. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினதே, படிக்கப் போகிற பிள்ளை மதம் மாறித்தான் வீட்டுக்கு வரும் என்ற கவலையில்தான்.

அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கூட்டத்தார் மாதாமாதம் அரிசி, பருப்பு கொண்டுவந்தார்கள். வந்தால் ஜெபம் பண்ணுவார்கள், அம்மா கைகூப்பிக்கொண்டு நிற்பார். நாலாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரச்சொன்னார்கள். அம்மா மரியாதையாக மாட்டேன் என்றார். ஐந்தாம் மாதம் அரிசி வரவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது, அந்தச் சனிக்கிழமை படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் மறக்கவில்லை.

செல்வச்சந்நிதி கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தால் யாரும் உன் சமயம் என்ன என்று கேட்பதில்லை, சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகலாம். 1877 பஞ்சத்தில் நாவலர் கஞ்சித்தொட்டி வைத்ததும் பசித்தவனுக்குத்தான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள், வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். வெள்ளச் சாப்பாடு சமைப்பதென்றால் உங்கள் மண்டபத்தில் வேண்டாம், சனசமூக நிலையத்தில் வைத்துக் கோயில் ஆட்களையும் கூப்பிடுங்கள். நான் தேங்காய் திருவ வருவேன்.

வெளிக்கள உத்தியோகத்தர்:
சுருக்கமாக. டவுனில் காசை விட அதிகமாகத் தேவைப்படுவது கடதாசி வேலை. 2023 இல் அரசாங்க உதவிப்பணம் சமுர்த்தியிலிருந்து அஸ்வெசுமவுக்கு மாறின பிறகு விண்ணப்பம், மேன்முறையீடு என்று வயதானவர்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. உங்கள் ரீச்சர்மார் கிழமையில் ஒருநாள் மேசை போட்டு இருந்து படிவம் நிரப்பிக் கொடுத்தால், பிறகு அது எந்த நிலையில் இருக்கிறது என்று விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டுச் சொன்னால், அது பத்துப் பொதிக்குச் சமம். நுண்கடனில் மாட்டின பெண்களும் வருவார்கள். அவர்களின் கடனைச் சபை கட்டப் போகக்கூடாது, ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்தினாலே பாதிப் பயம் போய்விடும். மேசைக்கு மேலே மூன்று நம்பர் எழுதி ஒட்டுங்கள்: மனநலத்துக்கு 1926, சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938. மூன்றும் அரசாங்கத்தினுடையது.

கொட்டடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நல்லூரான் அண்ணா, நீங்கள் எழுதியதை வீட்டில் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. ஒன்று சொல்லவேண்டும். எங்கள் விசுவாசத்தை நாங்கள் மறைக்கமாட்டோம், யாராவது கேட்டால் சொல்வோம். ஆனால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், வளர்ந்த ஆள் தானாக முடிவெடுத்து வந்தால்தான் தண்ணீரில் இறக்குகிற சபை எங்களுடையது. மனிதனின் மனச்சாட்சிக்கு மேல் அரசனுக்கும் அதிகாரம் இல்லை, அவன் எந்தச் சமயத்தவனாக இருந்தாலும் சரி என்று 1612 இல் எழுதிவிட்டு லண்டன் சிறைக்குப் போன தாமஸ் ஹெல்விஸ் எங்கள் முன்னோரில் ஒருவர். அரிசியைக் காட்டி ஆளைக் கூப்பிடுவது எங்கள் உபதேசத்துக்கே விரோதம். இதைக் கூட்டத்தில் அப்படியே சொல்லப்போகிறேன்.

நத்தார்ப் பொதியை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், தெரியும். பாதியாகக் குறைத்து மிச்சத்தை வானுக்கு டீசலாகவும் பாயாகவும் மாற்றக் கேட்பேன். கிழமைக்கு ஒருநாள் படிவ மேசைக்கு இரண்டு ரீச்சர்மார் இப்போதே ஓம் என்றுவிட்டார்கள். முகாம் இந்த வருடம் வேண்டாம். அந்த அம்மாவை நேற்று நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அடுத்த திகதி கொடுத்திருக்கிறார்கள், அன்றைக்கும் போவேன்.

உடுவில் அக்கா, கூட்டத்துக்கு முதல் ஒருதரம் தெல்லிப்பழைக்கு வந்து பார்க்கவேண்டும். எப்போது வரலாம்?

உடுவில் அக்கா:
செவ்வாய்க்கிழமை வாங்கோ தம்பி. விடிய வாங்கோ, வன்னி பஸ்ஸில் சனம் வந்து இறங்கிற நேரம். பெரிய பிளாஸ்க் ஒன்றில் தேத்தண்ணி கொண்டுவாருங்கள், கப் நான் கொண்டுவருகிறேன்.