செவ்வாய்பேட்டை வீட்டுக் குழுவில் நேற்றிரவு

பெரியப்பா: தம்பி, உன் ப்ராஜெக்ட் விளக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். 200 கிராம் கொலுசு, 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி; சுத்த வெள்ளி 165 கிராம் என்று போட்டிருக்கிறாய். 160 தானே சாமி வரும்? பட்டறையில் 5 கிராம் தப்பினால் சும்மா விடுவார்களா?

தம்பி: ஆமாம் பெரியப்பா, தப்புதான். முதலில் 82.5 டச் வைத்து எழுதினேன். அப்புறம் டச்சை மாற்றிவிட்டு விடையை மாற்ற மறந்துவிட்டேன்.

அக்கா: விடையைக் கையால் தட்டினால் இப்படித்தான் ஆகும் கண்ணு. கணக்கை பைத்தான் நிரலில் ஒரு சின்ன பேக்கேஜாக ஆக்கிவிடு. உதாரணத்தை ஃபங்ஷனுக்குள்ளேயே டாக்ஸ்ட்ரிங்காக, அதாவது விளக்கக் குறிப்பாக எழுது:

>>> சுத்த_வெள்ளி(200, 80)
160.0

டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி இதை ஓட்டிப் பார்த்து, விடை மாறினால் சொல்லிவிடும். பைத்தானோடு வருவதுதான், தனியாக எதுவும் இறக்க வேண்டாம்.

தம்பி: ஃபங்ஷன் பெயர் தமிழில் வைக்கலாமா அக்கா?

அக்கா: தாராளமாக. 2008இல் பைத்தான் 3 வந்ததிலிருந்தே செல்லும். பேக்கேஜ் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வை. அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே காலியாக ஓர் இனிட் ஃபைல் (__init__.py), பக்கத்தில் கணக்கு ஃபைல். வெளியே பைப்ராஜெக்ட் ஃபைலில் (pyproject.toml) பெயரும் வெர்ஷனும் போதும்.

தம்பி: செய்துவிட்டேன். ஆனால் விளக்கப் பக்கம் உருவாக்கும் ஸ்பிங்ஸில் ஆட்டோடாக் போட்டால் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்கிறது.

அக்கா: இன்ஸ்டால் செய்தாயா? ஆட்டோடாக் உன் பேக்கேஜை இம்போர்ட் செய்துதான் டாக்ஸ்ட்ரிங்கை எடுக்கும். ‘பிப் இன்ஸ்டால் -இ .’ கொடு, கடைசிப் புள்ளியை விட்டுவிடாதே. ‘-இ’ இருந்தால் கோடை மாற்றும்போதெல்லாம் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இங்கே ஒண்டிக்கடைப் பக்கம் மழை, சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பதில் தாமதமானால் பயப்படாதே.

தம்பி: பக்கம் வந்துவிட்டது அக்கா! டாக்டெஸ்ட்தான் எதுவுமே காட்டவில்லை.

அக்கா: எல்லாம் சரி என்றால் அது வாயே திறக்காது. வேண்டுமென்றே 165 போட்டு ஓட்டிப் பார்.

தம்பி: ‘எக்ஸ்பெக்டட் 165.0, காட் 160.0’ என்று கத்துகிறது.

பெரியப்பா: அட, நான் சொன்னதையே சொல்கிறதே! சரி, நம் நோட்டிலிருந்து இன்னொன்றும் சேர். 350 கிராம், 92.5 டச். 323.75 வர வேண்டும்.

தம்பி: சேர்த்து ஓட்டினேன் பெரியப்பா. வாய் திறக்கவில்லை.